வேகமான பையன்

மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவனைப் பற்றிய ஒரு சொல் வந்து சேர்ந்திருந்தது. அதைக் கொண்டுவந்தவர் என் அப்பாவின் தங்கை வீட்டுக்காரர், அதாவது என் மாமா. சாயல்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாசி மாதம் அது. களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யா வத்தலைக் காலால் தள்ளித் தள்ளி விரித்துவிட்டுக்கொண்டிருந்தார். மாமா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்தபடியே சொன்னார்.

“மச்சான், நம்ம புள்ளைக்கு ஒரு இடம் வந்திருக்கு. பூர்வீகம் திருப்புல்லாணிப் பக்கம். சொந்தமா லோடு வண்டி வச்சிருக்கான். ராமேஸ்வரத்துல இருந்து நண்டு, இறாலு ஏத்திட்டுப் போயிக் கம்பெனியில எறக்குறான். வேகமான பையன்.”

அய்யா காலை நிறுத்தினார். “வேகமான பையனா?”

“ஆமா. அதுல சந்தேகமே வேணாம். சரியான வேகம்.”

அய்யாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் மண்ணில் எல்லாமே பிந்தித்தான் வரும். மழை பிந்தும், அதனால் விதைப்பு பிந்தும், கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் பயிர் பாதி கருகியிருக்கும். காத்திருந்தே வயதானவர் அவர். அவருடைய அகராதியில் ‘வேகமான’ என்பதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நன்றாக உழும் மாட்டுக்கு அந்தச் சொல்லைக் கொடுப்பார். களை எடுக்க வருபவர்களில் ஒருவருக்கோ இருவருக்கோ கொடுப்பார். அவர்களைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

எனக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது. ராமநாதபுரத்தில் தமிழ் இளங்கலை கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு டவுன் பஸ், சாயங்காலம் ஒரு டவுன் பஸ், இரண்டும் எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று போகும். என் வாழ்க்கையும் அப்படியே நின்று நின்று போய்விடுமோ என்ற பயம் எனக்குள் இருந்தது. ஒரு வேகமான ஆள் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனால் என்ன என்று நினைத்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று அவன் அதிகம் பேசவில்லை. (அன்றைக்கு ‘அவர்’ என்றுதான் மனத்துக்குள்கூடச் சொன்னேன். இப்போது எழுதும்போது ‘அவன்’ என்று வருகிறது. திருத்த மனமில்லை.) பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது, வாசலில் அய்யாவின் மருந்தடிக்கும் மிஷின் சில நாட்களாக ஓடாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறான். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தான். எதையோ கழற்றினான், ஊதினான், மறுபடி பூட்டினான். மிஷின் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அய்யா அவன் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டார். அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது என்பது போல இருந்தது அவர் துடைத்த விதம்.

கல்யாணம் முடிந்து தங்கச்சிமடத்தில் வாடகைக்கு வீடு எடுத்தோம். துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் அந்த ஏற்பாடு. மாமியாரும் எங்களோடுதான் இருந்தார். ஆரம்ப மாதங்களில் அவன் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். பின்னால் ஐஸ் பெட்டிகளில் நண்டு இருக்கும். முன்னால் அவனும் நானும். பாம்பன் பாலத்தில் ஏறியதும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அவன் முன்னால் போகும் வேன்களை ஒவ்வொன்றாக முந்துவான். சுற்றுலா வந்தவர்கள் பாலத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முகமெல்லாம் ஒரு கணம் தெரிந்து மறையும்.

“பயமா இருக்கா?” என்பான்.

“இல்ல.”

“ஐஸ் உருகுறதுக்குள்ள போயிரணும். நம்ம தொழிலே அதான். மெதுவாப் போறவனுக்கு இங்கன சோறு கெடையாது.”

பயமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. அந்த நாட்களில் யாராவது என்னிடம் “உன் வீட்டுக்காரர் எப்படி?” என்று கேட்டிருந்தால், நானும் மாமா சொன்ன அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பேன்.

முதல் அடி ஒரு மத்தியானத்தில் விழுந்தது. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்திருந்தான். அன்று காலையில் கேஸ் தீர்ந்துபோய், சிலிண்டர் மாற்றிச் சமையலை ஆரம்பிக்கவே நேரமாகிவிட்டது. “சோறு வெந்துக்கிட்டிருக்கு, இந்தா ஆயிரும்” என்றேன். என்ன நடந்தது என்று எனக்குப் புரிவதற்கு முன்னால் அது நடந்து முடிந்துவிட்டது. கையில் இருந்த கரண்டி தரையில் விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான், கன்னத்தில் எரிவது அடி என்று தெரிந்தது. அதுவரை என்னை யாரும் அடித்ததில்லை. அய்யா ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அழக்கூடத் தோன்றாமல் கரண்டியை எடுத்துக் கழுவினேன்.

மாமியார் தேங்காய் எண்ணெய்யைக் கையில் ஊற்றிக்கொண்டு வந்து என் கன்னத்தில் தடவினார். கெட்ட மனுஷி இல்லை. அவர் விரல் அவ்வளவு மெதுவாகத்தான் பட்டது.

“அவன் கொஞ்சம் வேகம், தாயி. அவுங்க அய்யாவும் இப்படித்தான். வேகம் எறங்கிட்டா பச்சப்புள்ள. நீயே பாப்ப.”

பார்த்தேன். சாயங்காலம் எனக்குப் பிடிக்குமென்று பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தான். பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் சாப்பிடும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமியார் அந்தச் சொல்லைச் சொன்ன விதத்தைப் பற்றி அதற்குப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். காய்ச்சலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். ஏறும், இறங்கும். எங்கள் பக்கத்தில் ‘வெயில் வேகம் தாங்கல’ என்போம். பாம்பு கடித்தவரைப் பார்த்துவிட்டு வந்து ‘வெஷத்தோட வேகம் தலைக்கேறிருச்சு’ என்போம். மருந்து சாப்பிட்டு மயக்கம் வந்தால் ‘மாத்திரை வேகம்’ என்போம். இதில் எதற்கும் யாரும் பொறுப்பில்லை. வெயிலை யாரும் குற்றம் சொல்வதில்லை. நிழலில் நின்றிருக்கலாமே என்றுதான் கேட்பார்கள். நானும் நிழல் பார்த்து நிற்கப் பழகினேன். வண்டி வரும் நேரத்துக்கு முன்னால் சோறு தயாராக இருக்கும். வெந்நீர் இருக்கும். செருப்பு கிடக்க வேண்டிய இடத்தில் கிடக்கும். இருந்தாலும், நான் நினைத்தே பார்க்காத ஏதாவது ஒன்று மிஞ்சிவிடும். போன் எடுக்கத் தாமதம், பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டு நின்றது, சட்டையில் ஒரு பட்டன்.

அப்படி ஒரு நாள், நான் எட்டு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது, ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் அவன் என்னை வண்டியில் வைத்துக்கொண்டே கம்பெனிக்குப் போனான். மண்டபம் ஊரைத் தாண்டி ரோட்டோரமாக இருந்தது அந்த நண்டுக் கம்பெனி. நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்த சூப்பர்வைசர் அவனைவிடச் சின்னவன். ஐஸ் உருகி நண்டு நிறம் மாறிவிட்டதாம். வாய்க்கு வந்தபடி பேசினான். அம்மாவை இழுத்துப் பேசினான். என் வயிற்றில் பிள்ளை புரண்டது. இதோ அடிக்கப் போகிறான், அந்தப் பையன் செத்தான் என்று கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவன் அடிக்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றான். தலையைக் குனிந்திருந்தான். சிரிக்கக்கூடச் செய்தான். “அடுத்த தடவ பாத்துக்கிறேன் சார். மன்னிச்சுக்கங்க சார்.” அவ்வளவு நிதானமான குரலை வீட்டில் நான் கேட்டதே இல்லை. பெட்டியைத் தானே மூடி, தானே தூக்கி வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தான். வழியில் வண்டியையும் மெதுவாகத்தான் ஓட்டினான்.

அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று அறுந்துபோனது. அதுவரை நானும் அந்தச் சொல்லை நம்பிக்கொண்டிருந்தேன். அவனுக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது, அது அவனை மீறி வருகிறது, பாவம் அவனும்தான் என்ன செய்வான் என்று. மீறி வரும் ஒன்றுக்கு ஆள் பார்க்கத் தெரியுமா? சார் யார், பொண்டாட்டி யார் என்று தெரியுமா?

மகள் பிறந்தாள். பிள்ளை பிறந்தால் வேகம் குறையும் என்று மாமியார் சொல்லியிருந்தார். குறையவில்லை. மகளுக்கு ஒரு வயது முடிந்திருந்த சமயம், அவன் விட்ட அறையில் என் இடது காதுக்குள் ‘ங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. மறுநாள் காதிலிருந்து ரத்தம் கசிந்தது. டாக்டர் கேட்டபோது, கூட வந்த மாமியார் முந்திக்கொண்டு “கதவு இடிச்சிருச்சு” என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். சவ்வு கிழிந்திருக்கிறது என்றார். அந்தக் காதில் இன்றைக்கும் பாதிதான் கேட்கும்.

இந்தத் தடவை அய்யாவுக்குப் போன் செய்தேன். அய்யா, அம்மா, மாமா மூன்று பேரும் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். தங்கச்சிமடம் வீட்டில் பாயை விரித்து உட்கார்ந்தோம். அவன் சுவரோடு சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமியார் எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்.

அய்யா என் காதில் வைத்திருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவனிடம், “என்ன மாப்ள இது?” என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

“தப்புத்தான் மாமா. ஏதோ வேகத்துல கை நீண்டுருச்சு.”

நான் தமிழ் படித்தவள். ‘கையை நீட்டினேன்’ என்று அவன் சொல்லவில்லை. கை தானாக நீண்டிருக்கிறது. அடித்தவன் என்று அந்த வாக்கியத்தில் யாருமே இல்லை.

“கம்பெனியில அந்தச் சூப்பர்வைசர் அம்மாவச் சொல்லித் திட்டுனான்ல, அன்னைக்கு ஏன் நீளல?” என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மாமா சட்டென்று குறுக்கே வந்தார். “ஏ, அது பொழப்பு, தாயி. அதையும் இதையும் முடிச்சுப் போடாத. ஆம்பளன்னா கொஞ்சம் வேகம் இருக்கத்தான் செய்யும்.”

அய்யா மெல்ல மாமாவின் பக்கம் திரும்பினார். “மாப்ள, இவரு இப்படிப்பட்டவருன்னு ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?”

மாமா தம்ளரைக் கீழே வைத்தார். “தெரியாம என்ன? அவுக ஊருக்கே தெரியும். ஏற்கனவே ஒரு இடத்துல பூ வச்சு நின்னுபோச்சு. பொண்ணோட அண்ணன ஏதோ பேச்சுவாக்குல அடிச்சுட்டாருன்னு.”

“அத எங்கிட்டச் சொல்லலையே?”

“சொன்னேனே மச்சான்!” மாமாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். “களத்துல வச்சுச் சொன்னேன்ல, வேகமான பையன்னு? நீங்க மறுக்கா கேட்டீக. நானும் ஆமா, சரியான வேகம்னு சொன்னேன். அதுக்கு மேல எப்படிச் சொல்லுவாக? கல்யாணப் பேச்சுல போயி அடிக்கிற பையன்னா சொல்லுவாக?”

மாமா பொய் சொல்லவில்லை என்பது அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. மறைக்கவும் இல்லை. கல்யாணம் பேசுகிறவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஒரு பாஷை அது. ‘கலகலப்பான பையன்’ என்றால் குடிப்பான். ‘அம்மா பேச்சத் தட்டாத பையன்’ என்றால் பெண்ணின் பேச்சு அந்த வீட்டில் எடுபடாது. ‘வேகமான பையன்’ என்றால் இது. கேட்பவர்தான் புரிந்துகொண்டு மேலே விசாரிக்க வேண்டும். அய்யா விசாரித்தாரே, திருப்பிக் கேட்டாரே என்று நினைத்தேன். கேட்டார். ஆனால் தனக்கு எந்தப் பொருள் வேண்டுமோ அந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். மாமா தன் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில், களத்து மிளகாய் போல நான் காய்ந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் மாமாதான் பேச்சை முடித்துவைத்தார். இனிமேல் கை வைக்க மாட்டேன் என்று அவன் சொன்னான். பாயைச் சுருட்டினார்கள். கிளம்பும்போது அம்மா என்னைச் சமையற்கட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீதான் கொஞ்சம் நிதானமா நடந்துக்கிறணும், தாயி. எல்லாரு முன்னாடியும் அப்படி வெடுக்குன்னு கேக்கலாமா? ரெண்டு பேருமே வேகமா இருந்தா குடும்பம் நிக்குமா?”

அடி வாங்கியவளுக்கும் அந்தச் சொல்லில் ஒரு பங்கு கிடைத்தது.

அய்யா வாசலில் நின்றார். என்னைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தேன். “பாத்துக்க” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார். அவர் மீது எனக்கு இருந்த பிரியம் அந்த ஒரு சொல்லில் பாதியாகிப்போனது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் அவர் சாகும்வரை அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

சில மாதங்கள் அடி இல்லை. பிறகு மறுபடி தொடங்கியது. அதையெல்லாம் சொல்லி என்ன ஆகப் போகிறது? ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நான் கிளம்பிய நாள் அடி விழுந்த நாள் அல்ல. அன்று அவன் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போயிருந்தான். மாமியார் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று வயது மகள் முன்னறையில் பிளாஸ்டிக் பொம்மையை மடியில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அதற்குச் சோறு ஊட்டினாள். பொம்மை சாப்பிடவில்லை போலிருக்கிறது. ‘பட்’ என்று ஒரு அறை. பொம்மை மல்லாந்து விழுந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அவள் பொம்மையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

“அழாத, அழாத. வேகம் வந்துருச்சு. இப்ப எறங்கிருச்சு. அழாத.”

மாமியார் என்னிடம் பேசும் அதே குரல், அதே இழுப்பு. அந்த வீட்டில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்வதற்கு இருந்த தமிழ் அதுதான். நாளைக்கு அவளை ஒருவன் அடிப்பான். அவள் கரண்டியை எடுத்துக் கழுவுவாள்.

மடித்துக்கொண்டிருந்த துணியிலேயே கையில் வந்ததை ஒரு பையில் திணித்தேன். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். பொம்மையை எடுக்க அழுதாள். “வேணாம், வேற வாங்கிக்கலாம்” என்றேன். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். அந்த வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி மாதா படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தார். பையையும் பிள்ளையையும் பார்த்ததும் புரிந்துகொண்டார். “கேட்டா நான் பாக்கலன்னு சொல்லிருதேன், நீ போ” என்றார். பிறகு பின்னாலேயே ஓடிவந்து, பிள்ளைக்கு வழியில் கொடு என்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பையில் போட்டார். ராமநாதபுரம் பஸ், அங்கிருந்து சாயல்குடி பஸ். பாலத்தைக் கடக்கும்போது நான் கடலைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த சீட்டின் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் என்னைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “ஒரு வார்த்த சொல்லாம இம்புட்டு வேகமா வந்துட்டியே?”

ஐந்து வருடத்தைக் குடித்தனம் என்று அந்த வீட்டில் கழித்திருக்கிறேன். கிளம்பியது மட்டும் வேகமாம். தண்ணீர் குடித்தேன். ஊர் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டது. எங்கள் தெருவில் ஒருத்தி, எனக்குக் கேட்க வேண்டும் என்றே வாசலில் நின்று சொன்னாள்: “பொம்பளைக்கு இம்புட்டு வேகம் ஆகாதும்மா.” பிறகு பல வாயில் அதைக் கேட்டேன். ‘வேகமான பொம்பள.’ அதைச் சொல்லும்போது குரல் தாழும். அவனுக்குச் சொன்னபோது யாருடைய குரலும் தாழ்ந்ததில்லை.

விவாகரத்துத் தீர்ப்பு கையில் வருவதற்கு ரொம்ப காலம் ஆனது. அது வந்த பிறகு அவன் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டான். அதை மட்டும் யாரும் வேகம் என்று சொல்லவில்லை. ஆம்பள எத்தன நாள் தனியாக் கெடப்பான் என்றார்கள். நான் விட்ட படிப்பைத் தொடர்ந்து பி.எட். முடித்து, ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை ஆனேன். அய்யா போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

போன வருடம் ஆறாம் வகுப்பில் பெயரடை நடத்தினேன். ‘வேகமான’ என்று கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, நிரப்பச் சொன்னேன். நான் தேர்ந்தெடுக்கவில்லை, பாடப் பயிற்சியில் இருந்தது. ரயில் என்றார்கள். காற்று என்றார்கள். குதிரை என்று ஒருவன் சொன்னான், பார்த்திருக்கிறாயா என்றேன், சினிமாவில் என்றான். முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து ‘பையன்’ என்றாள். சரி என்று எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பி, “பொண்ணுன்னு எழுதலாமா?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் யோசித்துவிட்டு, “எழுதலாம் டீச்சர், ஆனா நல்லா இருக்காது” என்றாள். ஏன் என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது நல்லா இருக்காது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. எனக்கு அதற்கு மேல் பாடம் நடத்த வரவில்லை. படித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வைகாசியில் மாமாவின் பேத்திக்குக் கல்யாணம். ராமநாதபுரத்தில் மண்டபம். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று போனேன். அவனும் வந்திருந்தான். இப்போது அவனிடம் பல வண்டிகள் ஓடுகின்றன என்று கேள்வி. முடியில் நரை. மாமாவோடு வாசலில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். நான் பக்கவாட்டு வழியாகப் பந்திக்குப் போய் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என்னைவிட வெகு இளையவள். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை. சோறு விழுந்ததும் சாப்பிடத் தொடங்கினாள். நான் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே அவள் ரசத்துக்கு வந்துவிட்டாள். மென்றதாகவே தெரியவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் கண் ஒரு தடவை வாசல் பக்கம் போய்த் திரும்பியது. அவளுக்கு விக்கிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

“மெதுவாச் சாப்பிடும்மா. இன்னும் பாயாசமெல்லாம் வரலையே.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யார் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவன் வீட்டில் இப்போது இருப்பவள் இவள் என்று அந்தப் பார்வையில் எனக்கும் தெரிந்துவிட்டது.

“இது மெதுவாத்தான்க்கா” என்றாள்.

அவள் கண்ணில் குறும்போ வருத்தமோ இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்ன முகம். “நான் இங்கன ராம்நாட்லதான் இருக்கேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. எப்ப வேணும்னாலும் வரலாம்” என்றேன், குரலைத் தாழ்த்தி. அவள் தலையை ஆட்டினாளா, அல்லது மோரை வாங்க இலைப்பக்கம் குனிந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. பாயாசம் வருவதற்குள் எழுந்து கைகழுவப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மாமா பந்தியைச் சுற்றிக்கொண்டு வந்தார். எல்லோரையும் விசாரித்துவிட்டு என் எதிரே நின்றார். வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார்.

“பாத்தியா, தாயி? இப்ப எம்புட்டு நிதானமாயிட்டாப்ல. ஒரு சத்தம் கெடையாது. எல்லாம் வயசுல இருந்த வேகம்தான். நீதான் கொஞ்சம் பொறுத்துப் பாத்திருக்கலாம்.”

“அந்தப் பொண்ணு சாப்பிட்டதப் பாத்தீகளா மாமா?”

“எந்தப் பொண்ணு?”

அவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்து இலையை அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். மேடையிலிருந்து போட்டோவுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். “சாப்பிடு, சாப்பிடு, வாரேன்” என்று சொல்லிவிட்டு அவர் போனார். என் இலையில் சோறு பாதி இருந்தது. பாயாசத்தை ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.